நாட்காட்டிப் படத்தில் இல்லாத தோட்டம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, நகைக் கடை என்று எங்கே நுழைந்தாலும் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அது சாமி படம் போட்ட நாட்காட்டியாக இல்லையென்றால் பெரும்பாலும் இந்தக் காட்சிதான்: தூண்கள்மேல் நிற்கும் மரவீடு, சாய்ந்த தென்னை, முன்னால் நெல்வயல், பின்னால் நீல மலை. இல்லாவிட்டால் கடற்கரை மணலில் வண்ணம் பூசிய மீன்படகு. இது மலேசியா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடையை விட்டு இறங்கி லிந்தாங் பக்கம் வண்டியில் போனால் கண்ணில் படுவது வேறு நிலம். அளந்து நட்ட செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகள், அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரக் (ரப்பர்) காடு, செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகள், வரிசை முடியும் இடத்தில் ஒரு மாரியம்மன் கோவில்.

நூறு ஆண்டுக்கு மேலாக நாட்டின் வருமானத்தைச் சுமந்த நிலம் இது. ஆனால் நாட்டின் முகம் என்று வரைந்து வைத்த படங்களில் இதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாரோ சதி செய்து விட்டுவிட்டார்கள் என்று சொல்வதில் பொருளில்லை. நிலக்காட்சி ஓவியம் என்ற கலைக்குள்ளேயே அதற்கான காரணங்கள் இருக்கின்றன.

பார்வை முதலில், நிலம் பிறகு

ஒரு நாட்டுக்கு முகம் வரையும் வேலையை ஐரோப்பாவில் பெரிய அளவில் முதலில் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். ஸ்பெயினுக்கு எதிரான அவர்களுடைய நெடும்போர் 1648இல் முடிந்தது. அரண்மனையும் மலையும் இல்லாத, கடலிலிருந்து மீட்டெடுத்த தட்டையான மண். அதை யாகோப் வான் ரூய்ஸ்டால் போன்றவர்கள் தொடுவானத்தைக் கீழே இறக்கி, படத்தில் மூன்றில் இரண்டு பங்கை மேகத்துக்கே கொடுத்து வரைந்தார்கள். ஹார்லெம் ஊரை அவர் வரைந்த படங்களில் புல்வெளியில் வெளுக்கப் போட்ட துணிகள் வெள்ளைப் பட்டைகளாகக் கிடக்கும். அந்த ஊரின் தொழில் அதுதான். தொழிலை மறைக்காத நிலக்காட்சி என்பதால் இந்தப் படம் நமக்கு முக்கியம்.

பின்னால் வந்த நாடுகள் வேறு வழியில் போயின. இங்கிலாந்தின் கிராமம் என்றால் இன்றும் நினைவுக்கு வருவது ஜான் கான்ஸ்டபிள் 1821இல் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டிப் படம். அதே ஆண்டுகளில் அவருடைய சஃபோக் வட்டாரத்தில் விவசாயக் கூலிகள் பிழைப்பில்லாமல் கலவரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தில் வலது பக்க வயலின் கடைசியில் அறுவடை ஆட்கள் இருக்கிறார்கள், சின்ன வெள்ளைப் புள்ளிகளாக. அமெரிக்காவில் தாமஸ் மோரன் 1871இல் யெல்லோஸ்டோனுக்குப் போன ஆய்வுக் குழுவோடு சேர்ந்து வரைந்தார். 1872 மார்ச் 1 அன்று அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. அவருடைய பெரிய எண்ணெய் வண்ணப் படத்தை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. பூங்கா அமைந்த சில ஆண்டுகளுக்குள் அங்கே வாழ்ந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டார்கள். யாரும் குடியிராத நிலம் என்று படம் சொன்னது, சட்டம் அதை உண்மையாக்கியது.

ரஷ்யாவின் கதை இன்னும் உறுத்தும். ரஷ்ய மண்ணின் மனநிலையை இவரைப்போல் யாரும் வரைந்ததில்லை என்று அந்நாட்டவரே கொண்டாடும் ஐசக் லெவிட்டான் ஒரு யூதர். சைபீரியாவுக்குக் கைதிகள் நடந்து போன விளாதிமிர் சாலையை அவர் வரைந்தது 1892இல். அதே ஆண்டில்தான் யூதர் என்பதற்காக மாஸ்கோவிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். நண்பர்கள் தலையிட்ட பிறகே திரும்ப முடிந்தது. ஒரு நிலத்தை வரைந்து அதற்கே முகம் கொடுத்தவருக்கு அங்கே தங்குவதற்கு அனுமதி இல்லை.

பக்கத்து நாட்டுக்கு வருவோம். டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவில் சுற்றுலா வந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்பதற்கென்றே ஒரு படவகை வளர்ந்தது. எரிமலை, தென்னை, நெல்வயல் மூன்றும் இருந்தால் போதும். 'மோய் இண்டி', அதாவது அழகிய இந்தியத் தீவுகள் என்று அதற்குப் பெயர். இந்த மூன்றும் இல்லாவிட்டால் படமே ஆகாதா என்று 1939இல் எழுத்தில் கடுமையாகக் கேட்டவர் எஸ். சுஜோயோனோ. சர்க்கரை ஆலையையும் மெலிந்த விவசாயியையும் வரையச் சொன்னார். இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் பட்டணத்தில் இருப்பவர்களுக்குச் சுவையான செய்தி. வட சுமத்ராவின் கிசாரானில், தோட்டக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட ஜாவானியர்களுக்குப் பிறந்தவர் அவர். தோட்டத்துப் பிள்ளை. வரிசை மரங்களுக்கு நடுவே வளர்ந்த கண்ணுக்குத் தென்னையும் மலையும் மட்டும் நாடாகத் தெரியவில்லை.

மலாயாவை யார், எங்கிருந்து பார்த்தார்கள்

மலாயாவின் நிலக்காட்சி அச்சில் பரவத் தொடங்கியது பினாங்கிலிருந்து. கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் வரைந்த 10 காட்சிகளை வில்லியம் டேனியல் செப்புத் தகட்டில் செதுக்கி 1821இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பூங்காவைப் பார்க்கும் அதே கண்ணோடு பினாங்கு மலை பார்க்கப்பட்டது. முன்னால் கருத்த மரம் ஒன்று திரைச்சீலை போல ஓரத்தில் நிற்கும். நடுவில் வெளிச்சமான வெளியும் நீரும். தூரத்தில் நீலமாகக் கரையும் மலை. பதினேழாம் நூற்றாண்டின் குளோட் லொரேன் உருவாக்கிய அடுக்கு இது. ஐரோப்பிய மரம் நின்ற இடத்தில் தென்னை நின்றது, அவ்வளவுதான் மாற்றம். நாட்காட்டியில் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறதே ஒரு தென்னை, அதன் பாட்டன் இந்த மரம்தான்.

1920களில் பினாங்கில் வெள்ளைக்காரர்களின் ஓவியக் கழகம் இருந்தது. அப்துல்லா அரிஃப் அதில் இருந்த மிகச் சில ஆசியர்களுள் ஒருவர். கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் நிலைத்த யோங் முன் சென் நீர்வண்ணத்தைத் தானே கற்றுத் தேர்ந்தார். கடற்கரை, மீனவர், தென்னை என்று அவர் வரைந்தவற்றில் தாளின் வெண்மை வெளிச்சமாகவே மிளிரும். இருவரும் 1962இல் காலமானார்கள். இவர்கள் கையில் ஆங்கில நீர்வண்ணம் இந்த ஊர்க் காற்றையும் ஈரத்தையும் கற்றுக்கொண்டது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

சிங்கப்பூரில் லிம் ஹாக் தாய் 1938இல் தொடங்கிய நன்யாங் கலைக்கழகம் சீன மையையும் பாரிஸ் எண்ணெய் வண்ணத்தையும் சேர்த்துத் தென்கடல் வாழ்க்கையை வரையச் சொன்னது. அந்தப் போக்கைச் சேர்ந்த லியூ காங், சியோங் சூ பியெங், சென் வென் ஹ்சி, சென் சோங் சுவீ ஆகிய நால்வரும் 1952இல் தென்கடலின் அழகைத் தேடிப் பாலித் தீவுக்குப் பயணம் போனார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் போர் நடந்த அவசரகாலத்தின் நடுவே வந்த ஆண்டு அது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கியது அந்தக் காலம். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் முள்வேலிக்குள் சேர்க்கப்பட்டன, காட்டோரம் போகத் தடை, இரவில் ஊரடங்கு. படப்பலகையைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் உட்கார முடியாத ஆண்டுகள். மலாயா நிலக்காட்சி முதிர்ந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டம் ஓவியரின் காலுக்கு எட்டாத இடமாக இருந்தது. இந்தக் காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

பிறகு சுதந்திரம். போகோரில் பிறந்த முகமது ஹுசைன் எனாஸ் 1956இல் தீபகற்ப ஓவியர் அணியைக் கட்டினார். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1958 ஆகஸ்டில் தேசியக் கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். புதிய நாடு எதுவானாலும் காலனிக்கு முந்திய தன் உருவத்தைத் தேடும். கம்பம் என்னும் மலாய்க் கிராமமும் வயலும் அப்படிக் கிடைத்தன. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு வட்டாரப் பூர்வீகப் பண்பாட்டைத் தேசியப் பண்பாட்டின் அடித்தளமாக வகுத்த பிறகு இந்தத் தேடல் கொள்கையாகவும் ஆனது. சையத் அகமது ஜமாலின் 1978ஆம் ஆண்டு 'குனோங் லேடாங்' அந்தக் காலத்தின் உயர்ந்த படைப்பு. மலையும் தொன்மமும் வடிவமாகச் சுருங்கி எரியும் படம். மறுபக்கம் ரெட்ஸா பியதாசா 1972இலேயே 'மாபெரும் மலேசிய நிலக்காட்சி' என்ற தலைப்பில் ஒரு படம் செய்து, அந்த வகையையே கூண்டில் ஏற்றினார். நிலக்காட்சி என்பது கண்டெடுப்பதல்ல, கட்டுவது என்று அதைப் பார்க்கும்போதே புரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். கூச்சிங்கிலிருந்தும் போகோரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள்தான் இந்த நாட்டு முகத்தின் பெரும்பகுதியை வரைந்தார்கள். ஆகவே வந்தேறிகளின் நிலம் என்பதால் தோட்டம் விடுபட்டது என்ற விளக்கம் பாதிதான் பொருந்தும்.

காலை ஐந்து மணியின் நிலம்

பால்மரம் இங்கே பழைய மரமல்ல. ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. சில இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைத் தாவரவியலாளர் ரிட்லி சிங்கப்பூரில் வகுத்தார். அப்புறம் காடு வரிசையானது, கப்பல்கள் தமிழர்களைக் கொண்டுவந்தன.

மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பது விடிவதற்கு முன்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு இருட்டில் நடக்கிறது, தலையில் விளக்கு கட்டி மரம் வெட்டுகிறார்கள், அதாவது பட்டை சீவுகிறார்கள். மலேசியக் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னால் தள்ளப்பட்டதால் பேராக்கில் இப்போது சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். ஓர் ஆள் ஐந்நூறு மரம் போல வெட்டி முடிக்கும்போதுதான் வெளிச்சம் ஓவியருக்குப் பயன்படத் தொடங்கும். பால் மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரமாகும். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் எடுத்துக் கொட்டகைக்குப் போய்விட்டால் காடு காலி. பகல் பதினொரு மணிக்கு வந்து படம் வரைகிறவர் ஆளே இல்லாத ஒரு மரக்கூட்டத்தைத்தான் பார்ப்பார். அவர் பொய் வரையவில்லை. அவர் வந்த நேரம் அப்படி. நெல்வயலில் நாற்று நடுவது பகலில், படகு கரையேறுவதும் பகலில். வெளிச்சத்தை நம்பிய கலைக்கு அந்தத் தொழில்கள் காட்சியளித்தன, இது அளிக்கவில்லை.

இரண்டாவது காரணம் வரிசை. குளோட் அடுக்கு வளைந்த பாதையையும் ஒழுங்கற்ற மரங்களையும் கேட்கும். பால்மரத்தோட்டம் எண்ணி நட்டது. வரிசைக்கும் வரிசைக்கும் ஆறேழு மீட்டர், வரிசைக்குள் மரத்துக்கு மரம் மூன்று மீட்டர் போல. செம்பனை முக்கோண அமைப்பில் சுமார் 9 மீட்டர் இடைவெளியில், ஹெக்டருக்கு 136 முதல் 148 வரை. இதை அழகு என்று சொல்ல அந்தப் பழைய அடுக்கில் சொல்லே கிடையாது. மூன்றாவது, வாயிற்காவல். தோட்டம் கம்பெனி நிலம். பாசாருக்குள் (சந்தைக்குள்) உட்கார்ந்து வரைய யாரிடமும் கேட்க வேண்டாம். தோட்டத்துக்குள் நுழைய மேனேஜரிடம் கடிதம் வேண்டும்.

செம்பனை இப்போது 50 ரிங்கிட் நோட்டின் பின்பக்கத்தில் துங்குவோடு அச்சாகியிருக்கிறது. மரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று மகிழலாம். குலை அறுக்கிறவர் அதில் இல்லை. ஓவியத்திலும் பாதிக்குப் பாதி அதே நிலைதான்: ஜெ. அனுரேந்திராவின் படங்களில் புலம்பெயர்ந்த இந்தியக் குடும்பங்கள் முன்னால் நிற்கின்றன, ஆள் வந்துவிட்டார். ஆளும் அவர் நிலமும் ஒரே தாளில் சேர்வதுதான் இன்னும் அரிது.

இந்த இடத்தில் தமிழ் மரபு கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஐரோப்பிய நிலக்காட்சிக்கு நிலம் என்பது கண்ணில் படும் பரப்பு. திணைக்கு அப்படியல்ல. முதற்பொருள் என்றாலே நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான். கருப்பொருளில் தெய்வம், மக்கள், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் வந்துவிடும். தொழில் இல்லாமல் திணை இல்லை. இந்தக் கண்ணால் தோட்டத்தைப் பாருங்கள்: சிறுபொழுது வைகறை, பெரும்பொழுது இலையுதிரும் பின்பனி, தெய்வம் மாரியும் முனியும், பறை உறுமி, தொழில் மரம் வெட்டு. பறவை கூகை, எலியைப் பிடிக்கச் செம்பனைக் காட்டில் கம்பத்தின்மேல் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அதுவேதான். ஆறாம் திணை என்று அலங்காரப் பெயர் சூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரைய உட்காருமுன் எதையெதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று சரிபார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தமிழருக்கு மட்டும் சொந்தமான நிலம் அல்ல. இன்று ரப்பர் நிலத்தின் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில், அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். புதுக்கிராமத்துச் சீனர்களும் வெட்டினார்கள். செம்பனைக் காட்டில் இப்போது குலை அறுப்பவர்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவரும் அதிகம். இத்தனை பேர் கால்பட்ட நிலம் பொது முகமாகாமல் போனது வருத்தத்துக்குரியது.

வரைய உட்காருகிறவருக்கு

சொல்வது போதாது, படம் சரியாக வர வேண்டும். தோட்டத்தைத் தவறாக வரைந்தால் அங்கே வேலை செய்தவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்.

முதலில் வெட்டுக் கோடு. மரத்தை நேராகப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் போகும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். பல படங்களில் இது தலைகீழாக இருக்கிறது. புகைப்படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்து வரைவது ஒரு காரணம். கோட்டுக்குக் கீழே பழைய பட்டை சாம்பல் நிறத்தில் கரடுமுரடாகவும், கோட்டுக்கு மேலே புதிதாக வளர்ந்த பட்டை பழுப்பு ஏறி வழுவழுப்பாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே தூரிகையால் தீட்டாதீர்கள். மேலே தண்ணீர்ச் சாயம், கீழே காய்ந்த தூரிகை இழுப்பு. காய்ந்து ஒட்டிய கோட்டுப்பால் வெள்ளையல்ல, மங்கிய மஞ்சள். மரத்தடி பருமனையும் பார்க்க வேண்டும். சுற்றளவு 50 செண்டிமீட்டர் வந்ததும் வெட்டத் தொடங்குவதால், இளம்வெட்டு மரத்தின் குறுக்களவு 16 செண்டிமீட்டர்தான். ஆலமரம் போல வரைந்துவிடுகிறார்கள் பிள்ளைகள்.

அடுத்து வரிசை ஓடும் தூரம். இதில்தான் மிகுதியாகப் பிழை நடக்கிறது. மரங்கள் சம இடைவெளியில் நிற்பதால் படத்திலும் சமமாகச் சிறுத்துக்கொண்டே போகும் என்று நினைத்து 12, 10, 8, 6 செண்டிமீட்டர் என்று குறைப்பார்கள். அப்படிச் செய்தால் நிலம் பள்ளத்தில் சரிவது போலாகிவிடும். தூரம் இரட்டித்தால் உயரம் பாதியாகும் என்பதே விதி. உங்களிடமிருந்து 6 மீட்டரில் நிற்கும் மரத்தின் முதல் கவைவரை 12 செண்டிமீட்டர் வரைந்தீர்கள் என்றால், 9 மீட்டரில் நிற்பது 8, 12 மீட்டரில் 6, 15 மீட்டரில் 4.8, 18 மீட்டரில் 4, 24 மீட்டரில் 3. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும். ஏழெட்டு மரத்துக்கு அப்பால் தனித்தனியாக வரைய வேண்டாம். சாம்பல்பச்சைச் சாயம் ஒன்றே போதும், காலைப் பனியில் உண்மையிலும் அப்படித்தான் தெரியும்.

குட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர். ஒரே ஆண்டில் வெட்டுக்கு வந்த காட்டில் மங்குகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். அந்த உயரமும் 1.1 மீட்டராக இருந்தால் எல்லா மங்குகளும் படத்தில் ஒரே கிடைக்கோட்டில், தொடுவானக் கோட்டிலேயே விழும். மங்கு கண்ணுக்குக் கீழே என்றால் கோடு தூரத்தில் மேலேறும், கண்ணுக்கு மேலே என்றால் கீழிறங்கும். இந்த ஒரு கோட்டைச் சரியாகப் போட்டால் பாதிப் படம் நின்றுவிடும். மேட்டு நிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வரிசைகள் மலையின் வளைவோடு படி வெட்டிப் போகும். சரிவில் நேர்க்கோடு ஏற்றி வரைவது பெரும்பிழை.

செம்பனைக்குக் கணக்கு வேறு. முக்கோண நடவு என்பதால் நிரைகள் 60 பாகை இடைவெளியில் மூன்று திசைகளில் ஓடும். ஒரு நிரையின் நேரே பார்த்து வரைந்தால் மற்ற இரண்டு திசைகளின் மறைபுள்ளிகளும் (கோடுகள் தூரத்தில் கூடும் இடங்கள்) தாளுக்கு வெளியே போய்விடும், படம் அமைதியாக இருக்கும். இரண்டு திசைகளுக்கு நடுவே பார்த்தால் இரண்டும் தாளின் இரு ஓரங்களில் இழுக்கும், கண் நிற்காது. தொடக்கத்தில் முதல் வழியே நல்லது. வெட்டிய மட்டைகளைச் சந்து விட்டுச் சந்தில் குவித்திருப்பார்கள். ஒரு சந்து நடைபாதை, அடுத்தது மட்டைக் குவியல். எல்லாச் சந்தையும் சுத்தமாக வரைந்தால் அது தோட்டமல்ல.

பச்சை நிறம்தான் பெரிய சோதனை. குழாயிலிருந்து வரும் பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் போலாகும். அல்ட்ராமரின் நீலத்தோடு யெல்லோ ஓக்கர் கலந்தால் முதிர்ந்த இலையின் மங்கிய பச்சை வரும். பிரஷ்யன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் செம்பனையின் அடிநிழல். தை பிறந்து சிவராத்திரி வருவதற்குள் பால்மர இலைகள் செம்பாகி உதிர்ந்து, கொஞ்ச நாள் காடு மொட்டையாக நிற்கும். பிறகு வரும் தளிரும் முதலில் செம்பு நிறம்தான். ஆண்டில் அந்தச் சில வாரங்களில்தான் வெயில் தரைவரை இறங்கும், நிழல்கள் நிரைக்குக் குறுக்கே விழும். நீர்வண்ணக்காரருக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை.

தாள் 300 கிராம் கனத்துக்குக் குறைய வேண்டாம், 38க்கு 56 செண்டிமீட்டர் அரைத்தாள் போதும். காலையில் காற்றின் ஈரம் மிகுதி என்பதால் முதல் சாயம் காய நெடுநேரமாகும். பொறுக்காமல் இரண்டாவதைப் போட்டால் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கும். தண்ணீரைக் குறைத்து, தூரத்துக் காட்டையும் குன்றையும் முதலில் முடித்து, அவை காயும்வரை வேறு தாளில் வெட்டுக் கோட்டையும் மங்கையும் பென்சிலில் படித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் குன்றில் சீன மை ஓவியத்து மலையை வரையக் கை இழுக்கும். எதிர்த்து நின்று பாருங்கள், நம் குன்றின் முகத்தில் கருஞ்சாம்பலோடு இளஞ்சிவப்பும் காவியும் வழிந்திருக்கும், அடியில் செம்பனை முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆள் வேண்டும். கடைசியில் புள்ளி வைப்பதற்காக அல்ல, முதல் கோட்டிலேயே. உட்கார்ந்து வரைகிறவருக்குத் தொடுவானக் கோடு நிற்கும் ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே வெட்டும், அவர் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அப்படியே. காண்டா தூக்கியவர் நடக்கும்போது கனத்துக்காக முழங்கால் சற்று மடங்கியிருக்கும். நிமிர்ந்த காலோடு வரைந்தால் வாளி காலி என்று பொருள். இருட்டு நேரத்தை வரைவதானால் தாளை வெறுமனே கறுப்பாக்காமல் விளக்கு படும் இடத்தை, ஒரு பட்டை, ஓர் உளி, ஒரு கை, வெள்ளைத் தாளாகவே விட்டுச் சுற்றிலும் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருமையை இரண்டு மூன்று அடுக்காக ஏற்றுங்கள்.

முடிந்த படத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்தால் சில மாதங்களில் பழுப்புப் புள்ளி பிடிக்கும். சாயத்தில் இருக்கும் பிசின் பூஞ்சைக்குத் தீனி. கண்ணாடி தாளில் படாதபடி அட்டை மவுண்ட் போட்டு, சட்டத்தின் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விலக்கித் தொங்கவிட்டால் காற்று போய்வரும்.

தோட்டம் நிலையான காட்சியல்ல. இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மரம் சாய்த்து மறுநடவு நடக்கும், லயன் இடிபடும், கோவில் இடம் மாறும், நிலமே வீடமைப்புக்குப் போகும். ஆகவே படத்தின் பின்பக்கத்தில் தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயர், பலகையில் போட்டிருக்கும் நடவு ஆண்டு, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள், லயனும் கோவிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் எந்தப் பக்கம் இருந்தன, தேதி, மணி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். 2பி பென்சில் போதும். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.